பந்தயத் தடமும் பள்ளிக்கூடப் பாதையும்

மைசூரிலிருந்து நீலகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, சாமராஜநகர் மாவட்டத்தின் குண்டலுப்பேட்டையைக் கடந்து பந்திப்பூர் காட்டுக்குள் நுழைகிறது. 2008இல் தொடங்கப்பட்ட நீலகிரி சைக்கிள் சுற்றுப்பயணத்தினர் விரையும் சாலை அது. அவர்களுள் பலர் ஓட்டும் சைக்கிளின் விலை, அச்சாலையோரத்து விவசாயத் தொழிலாளியின் ஆண்டு வருமானத்தை விஞ்சக்கூடியது. அத்தொழிலாளியின் மகளுக்கோ, பள்ளிக்குச் செல்ல ஒரு சாதாரண சைக்கிள் கிடைப்பதே கேள்விக்குறியாகிவிட்டது. விளையாட்டு யாருக்கானது என்ற வினா இந்த இடைவெளியிலிருந்துதான் எழுகிறது.

2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டுள்ளது. நாட்டின் பெருமை என்று ஒன்றிய ஆட்சியாளர்கள் முழங்குகின்றனர். ஆனால், செலவு கட்டுக்கடங்காது என்று கூறி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசு 2026 போட்டியை நடத்தும் பொறுப்பை 2023 ஜூலையில் உதறியது. அதை ஏற்ற கிளாஸ்கோ, விளையாட்டுகளின் எண்ணிக்கையைப் பத்தாகக் குறைத்தது. ஏற்கெனவே அரங்கு இருப்பதால் தடகள அரங்குச் சைக்கிள் பந்தயம் பட்டியலில் நீடித்தது. சாலைப் பந்தயம் நீக்கப்பட்டது. செல்வந்த நாடுகளே கணக்குப் பார்க்கும் சுமையை இந்திய மக்களின் தோளில் ஏற்றுவோர், கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

2010 தில்லியின் அனுபவம் மறக்கத்தக்கதன்று. அப்போட்டிக்காக இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் 250 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தளச் சைக்கிள் அரங்கு எழுப்பப்பட்டது. போட்டிக்கான கட்டுமானத் தளங்களில் குறைந்தபட்சக் கூலி மறுக்கப்பட்டதையும் பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாததையும் தில்லி உயர்நீதிமன்றம் அமைத்த குழு வெளிக்கொணர்ந்தது. தொடக்க விழாவுக்கு இரு வாரங்களுக்கும் குறைவாக இருந்தபோது, பிரதான அரங்கின் அருகே நடைபாலம் இடிந்து தொழிலாளர்கள் காயமுற்றனர். பட்டியல் சாதியினர் துணைத் திட்டத்திற்குரிய 600 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிதி போட்டிச் செலவுக்குத் திருப்பப்பட்டது நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. இத்தனைக்கும் பின்னர், சைக்கிள் பந்தயத்தில் இந்தியா ஒரு பதக்கமும் பெறவில்லை.

அந்த அரங்கு முற்றிலும் வீண் என்று கூறுவது நேர்மையாகாது. அங்கே பயிற்சி பெற்ற இளைஞர்கள் 2019இல் ஜெர்மனியில் நடந்த உலக ஜூனியர் போட்டியின் குழு விரைவோட்டத்தில் தங்கம் வென்றனர். அந்தமானிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். கர்நாடகத்திலும் விஜயபுரா, பாகல்கோட்டை போன்ற வறண்ட வட மாவட்டங்களே சைக்கிள் வீரர்களை உருவாக்கி வந்துள்ளன. திறமை விளிம்பில்தான் விளைகிறது. முதலீடோ தலைநகரங்களில் குவிகிறது. அரங்கு தானாக வீரர்களை ஈன்றுவிடாது. அதற்கு முன்னதாக, இலட்சக்கணக்கான குழந்தைகளின் கால்களுக்கு மிதிகட்டை எட்ட வேண்டும்.

இதைத் தமிழகம் முன்னரே கண்டுள்ளது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களின் கைகளில் சேர்த்தது. கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிப் பெண்களும் உள்ளிட்ட பல்லாயிரம் பேர் சைக்கிள் ஓட்டக் கற்றனர். கேலி பேசிய ஊர்களே பின்னர் வழிவிட்டன. பதக்கத்துக்காக நடந்த இயக்கமன்று அது. ஆயினும் உடல் வலிமையையும் துணிவையும் ஒருசேர வளர்த்தது.

கர்நாடகத்தில் 2006-07இல் தொடங்கிய, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான இலவச சைக்கிள் திட்டம், கொரோனா காலத்தில் நின்றது. அதன்பின் ஆட்சி மாறியும், கல்வியாண்டுகள் பல கடந்தும் அது மீளவில்லை. 1997இல் மைசூரிலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் நான்கில் ஒருவர் தலித். பத்தில் ஒருவருக்கு மேல் பழங்குடியினர். பேருந்து அரிதான ஊர்களில் சைக்கிள் இல்லையெனில், உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வது முதலில் பெண் குழந்தைக்கே நிற்கிறது. கருங்கல் குவாரியிலும் வயலிலும் அவளுக்கு வேலை காத்திருக்கிறது.

எனவே, விளையாட்டுப் போட்டிகளை எதிர்ப்பது நமது நிலையன்று. எவரது பணத்தில், எவரது உழைப்பில், எவருக்காக என்று கேட்பதே நமது நிலை. அகமதாபாத் கட்டுமானத் தளங்களில் ஒவ்வொரு புலம்பெயர் தொழிலாளிக்கும் பதிவும் சட்டக்கூலியும் பாதுகாப்பும் உறுதிசெய்யப்பட வேண்டும். துணைத் திட்ட நிதியில் ஒரு ரூபாயும் திசைதிருப்பப்படக் கூடாது. கர்நாடக அரசு சைக்கிள் திட்டத்தை உடனே மீட்க வேண்டும். தாலுகா தோறும் பயிற்சியாளரையும் மைதானத்தையும் அளிக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளை மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கூட்டாகக் கிராமங்களுக்கு எடுத்துச் செல்வது அவசியம். குண்டலுப்பேட்டைச் சாலையில் பள்ளிச் சீருடையுடன் சைக்கிள் மிதிக்கும் சிறுமிகள் நிறைந்த பின்னரே, பந்தயத் தடத்தின் பெருமையை இந்நாடு பேச இயலும்.