வீட்டைக் கட்டிப் பார், காண்ட்ராக்டரைத் தேடிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. வீட்டைப் பற்றித் தெரியும்.

அப்பா பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டிய வீடு. முதல் மழைக்கே ஹால் ஒழுகியது. காண்ட்ராக்டருக்குப் போன் செய்தால், "நாளைக்கு ஆள் அனுப்புறேன் சார்" என்றார். அந்த 'நாளைக்கு' இன்னும் வரவில்லை. பிறகு போனே சுவிட்ச் ஆஃப். எங்களிடம் மிச்சம் ஒரு விசிட்டிங் கார்டும், சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதிய ஒரு தாளும்தான். எத்தனை மில்லி கம்பி, என்ன சிமெண்ட், எப்போது முடியும், எதுவுமே அதில் இல்லை. வகுப்பில் சொன்னேன். உடனே நாலு பேர் "எங்க வீட்லயும்டா" என்றார்கள்.

"அதான் ரெரா சட்டம் இருக்கே?" என்று கேட்டான் ஒருவன். இருக்கிறது. 2016-ல் வந்த நல்ல சட்டம். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஆனால் இதெல்லாம் கட்டி விற்பவர்களுக்கு. சொந்த மனையில் மேஸ்திரியையோ காண்ட்ராக்டரையோ வைத்துக் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். 2019 சட்டப்படி வீடு கட்டித் தருவதும் 'சேவை'தான். 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் யார் மேல் கொடுப்பது? விலாசமே தெரியாதே! ஆளைக் கண்டுபிடித்தாலும், தாளில் எழுதாததை எப்படி நிரூபிப்பது?

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அரசாங்கம் தன் கட்டடத்தை இப்படி யாரிடமாவது கொடுக்குமா? பொதுப்பணித்துறை வேலை எடுக்க வகுப்பு வாரியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். பில்லில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறை வந்தால் சரிசெய்ய வைப்பார்கள். தன் பணம் என்றால் இவ்வளவு ஜாக்கிரதை. எங்கள் அப்பா பணம் என்றால் "உங்க பாடு, காண்ட்ராக்டர் பாடு"!

வீட்டுக்கு வயரிங் செய்ய லைசென்ஸ் வேண்டும். அந்த வயர் ஓடும் சுவரைக் கட்ட வேண்டாம். என்ன நியாயம் இது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காண்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கவே ஒரு வாரியம் உண்டு. வீட்டு வேலைக்கு முன்பணமாக மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் பொதுவாக வாங்கக் கூடாது. இங்கே கடைக்கால் தோண்டும் முன்பே பாதிப் பணம் கேட்கிறார்கள்.

நான் கேட்பது நாலே விஷயம்:

1. வீடு கட்டும் ஒவ்வொரு காண்ட்ராக்டருக்கும் பதிவு எண்.
2. அரசே அச்சிட்ட மாதிரி ஒப்பந்தம். அது இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது.
3. முன்பணத்துக்கு வரம்பு. மீதி, முடிந்த வேலைக்கு ஏற்ப.
4. ரெரா மாதிரியே 5 வருடப் பொறுப்பு.

"சின்ன மேஸ்திரிங்க வயித்துல அடிக்கிறியா?" என்று கோபப்படுவீர்கள். இல்லை. கட்டணத்தைக் குறைவாக வையுங்கள், படிப்பைக் கேட்காதீர்கள், செய்த வேலையைப் பார்த்துப் பதிவு கொடுங்கள். இன்றைக்கு ஒழுங்காக வேலை செய்யும் மேஸ்திரிதான் ஏமாற்றுகிறவன் சொல்லும் மலிவு ரேட்டிடம் தோற்றுப் போகிறார். பதிவு வந்தால் முதலில் பிழைப்பவர் அவர்தான். வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்தாலும் அந்த ஒப்பந்தம் அவருக்கும் துணை நிற்கும்.

சட்டம் வரும்வரை, வீடு கட்டப் போகிறவர்கள் தயவு செய்து எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆளின் வீட்டு விலாசத்தையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள்.

எங்கள் வீட்டில் அடுத்த மழைக்கு இப்போதே ஹாலில் வாளி வைத்தாயிற்று.