மூலக்கூறு எந்திரங்கள்

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களுக்குள், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், கண்ணுக்குப் புலப்படாச் சக்கரங்கள் ஓயாது சுழல்கின்றன. ஏடிபி சின்தேஸ் என்னும் அப்புரதம் ஒருமுறை சுழன்றால் மூன்று ஏடிபி மூலக்கூறுகள் உருவாகும். நாம் நடப்பதற்கும் நினைப்பதற்கும் வேண்டிய ஆற்றலை அவையே தருகின்றன. கைனெசின் என்னும் மற்றொரு புரதமோ, அடிக்கு எட்டு நானோமீட்டர் வீதம் நடந்து சுமை தூக்கிச் செல்கிறது.

இத்தகைய எந்திரங்களைச் செயற்கையாகப் படைக்க வழிகண்ட மூவர் 2016ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். ழான் பியர் சோவாஜ் 1983இல் இரு மூலக்கூறு வளையங்களைச் சங்கிலிக் கண்ணிகள்போல் கோத்தார். பிரேசர் ஸ்டோடார்ட் 1991இல் அச்சொன்றின்மீது நகரும் வளையத்தை அமைத்தார். ஒரே திசையில் சுழலும் மூலக்கூறு மோட்டாரை 1999இல் உருவாக்கியவர் நெதர்லாந்தின் பென் ஃபெரிங்கா.

இயற்கையைப் பின்பற்றுதல் என்பது அதனைப் படியெடுத்தல் அன்று என்றே கருதுகிறேன். ஃபெரிங்காவின் மோட்டாரில் புரதம் இல்லை. உயிரணுவின் சக்கரத்தைப் புரோட்டான்களின் ஓட்டம் சுழற்ற, இதனையோ ஒளி சுழற்றுகிறது. அப்படியெனில் இயற்கையிடம் கற்றது யாது? மூலக்கூறுகளின் உலகில் எந்நேரமும் புயல்தான். நாற்புறமும் பிற மூலக்கூறுகள் வந்து மோதியவண்ணம் இருக்கும். நம் பட்டறைப் பற்சக்கரங்களின் இலக்கணம் அங்குச் செல்லாது. மேடேறும் வண்டி பின்னே உருளாதிருக்கச் சக்கரத்தடியில் கல் வைப்போமன்றோ? அதுபோல, அலைக்கழிப்பை எதிர்த்து நில்லாமல், முன்னோக்கிய அசைவை ஏற்றுப் பின்னோக்கிய அசைவைத் தடுப்பதே உயிரணுவின் உத்தி. ஃபெரிங்காவின் மோட்டாரும் ஒளி பட்டதும் திரும்புகிறது. பிறகு சூழலின் வெப்பமே அதனைப் பின்திரும்பவியலா நிலைக்குக் கொண்டு செல்கிறது. இவ்விரண்டும் மீண்டும் ஒருமுறை நிகழ, ஒரு சுற்று நிறைவுறும்.

"இதனால் என்ன பயன்?" என்று மாணவர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. நாளையே குருதிக்குழாயில் நீந்தி நோய் தீர்க்கும் என எழுதுவோரை நான் ஏற்பதில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கு இவை இன்னும் வரவில்லை. அதற்காக இவ்வாய்வை வீண் என்பாரையும் ஏற்பதற்கில்லை. 1821இல் மைக்கேல் ஃபாரடே பாதரசக் கிண்ணத்தில் கம்பியொன்றைச் சுழலச் செய்தபோது, அதனைக்கொண்டு மாவரைக்கலாம் என எவர் எண்ணியிருப்பர்? எல்லா ஆய்வும் அவ்வாறே கனியும் என்பதற்கு உறுதியில்லைதான். எனினும், தான் சுழல்வதோடு நில்லாமல், தன்னைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிய கண்ணாடி உருளையையும் அம்மோட்டார் சுழற்றிக் காட்டியுள்ளது.

தொடக்ககால மோட்டார்களுக்குப் புறஊதா ஒளி தேவைப்பட்டது. அவ்வொளி உயிரணுக்களைச் சிதைப்பதாகையால், கட்புலனாகும் ஒளியிலேயே சுழலும் மோட்டார்களை ஆய்வாளர்கள் இப்போது வடிவமைத்து வருகின்றனர்.