விசாரணை முன், தண்டனை பின்

மனிதன் குற்றம் செய்தால் அவனை விசாரிக்க நியாய ஸ்தலம் இருக்கிறது. சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, அப்பீலும் உண்டு. யந்திரம் குற்றம் செய்தால் மட்டும் நம் குடும்பங்களில் விசாரணை என்ற பேச்சே கிடையாது, நேரே தீர்ப்புத்தான். அந்தத் தீர்ப்பும் யந்திரத்தின் மேல் விழுவதில்லை. கடைசியாக அதைத் தொட்டவர் யாரோ, அவர் தலையிலே விழுகிறது. சுவர்க் கடிகாரத்தின் காலத்திலிருந்து மடிக்கணினியின் காலம் வரையில் இந்தச் சம்பிரதாயம் மாறவே இல்லை.

மடிக்கணினிக்கு வரும் வியாதிகளுள் விசித்திரமானது ஒன்று உண்டு. யந்திரம் நன்றாகத்தான் இருக்கும், திரை பிரகாசிக்கும், மற்ற காரியங்களெல்லாம் நடக்கும். குறிப்பிட்ட ஒரு செயலி மட்டும், திறந்த சில விநாடிகளில், சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். மறுபடியும் திறந்தால் மறுபடியும் மறையும். இதற்கு “கிராஷ்” என்று பெயர். இந்த வியாதி கண்ட வீட்டில் மூன்று வைத்தியங்கள் சொல்லப்படுகின்றன. “வைரஸ் வந்துவிட்டது” என்பார் ஒருவர். “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்” என்பார் இன்னொருவர். “இதைத் தலையைச் சுற்றி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள்” என்பார் மூன்றாமவர். மூவரில் ஒருவராவது, “எப்பொழுது ஆரம்பித்தது?” என்று கேட்பதில்லை.

நம் தெருவில் ஒரு பெண் எம்.ஏ. படிக்கிறாள். ஆராய்ச்சிக் கட்டுரையைக் கலாசாலையில் ஒப்புவிக்கப் பதினெட்டு நாட்களே பாக்கி இருந்தன. அந்தச் சமயத்தில் அவள் கணினியில் “வேர்டு” என்னும் எழுதும் செயலி இவ்விதம் விழ ஆரம்பித்தது. பழுது பார்க்கும் கடையில் இரண்டாவது வைத்தியத்தைச் சொன்னார்கள். அவளுடைய தமையன், “கண்டதையெல்லாம் டவுன்லோடு செய்தால் இப்படித்தான்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். தகப்பனார் வளையல்களை அடகு வைத்துப் புதியது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பெண்ணோ ஒன்றும் பேசவில்லை. என்ன தவறு செய்தோம் என்று தெரியாமலே குற்றவாளியாகி நிற்பவர்களுடைய முகம் எப்படி இருக்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் நாம் தினமும் பார்த்து வருகிறோம். அந்த முகந்தான் அங்கேயும் இருந்தது. ஆகவே நாமே போய் உட்கார்ந்தோம்.

முதற் காரியம் வைத்தியம் அல்ல, பாதுகாப்பு. செயலி விழுகிறது என்பதனால் எழுதிய கட்டுரை போய்விட்டது என்று அர்த்தமில்லை. கோப்பு வட்டில் தன் பாட்டில் கிடக்கிறது. அதை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, நம் வீட்டுக் கணினியில் திறந்து பார்த்தோம். நன்றாகத் திறந்தது. இதில் இரண்டு லாபம். கட்டுரை பிழைத்தது ஒன்று. கட்டுரைக் கோப்பின் மேல் இருந்த சந்தேகம் பெரும்பாலும் நீங்கியது மற்றொன்று.

அடுத்தபடியாக, கேள்விகளை வரிசையாகக் கேட்டோம். அந்தக் கட்டுரையைத் திறந்தால் மட்டும் விழுகிறதா, எதைத் திறந்தாலும் விழுகிறதா? வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாலும் விழுந்தது. எனவே கோப்பு முற்றிலும் நிரபராதி. வேர்டு மட்டும் விழுகிறதா, மற்றச் செயலிகளும் விழுகின்றனவா? வேர்டு மட்டுந்தான். நினைவகச் சில்லு கெட்டிருந்தால் இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று மாறி மாறி விழும். சில சமயம் யந்திரமே நீலத் திரை காட்டி நின்றுவிடும். தூசி அடைத்துச் சூடேறினால் யந்திரம் முழுவதும் மந்தமாகும், அல்லது திடீரென்று அணைந்து போகும். இங்கே இரண்டும் இல்லை. ஆகவே புது யந்திரம் வாங்குவதற்கு அதுவரையில் முகாந்தரமே கிடையாது.

வேர்டுடன் ஒட்டிக்கொண்டு சில உதவி நிரல்கள் வருவதுண்டு. அவற்றுக்கு “ஆட்-இன்” என்று பெயர். “கன்ட்ரோல்” விசையை அழுத்திக்கொண்டே வேர்டைத் திறந்தால், அந்தப் பரிவாரத்தை வாசலிலே நிறுத்திவிட்டு அது மட்டும் தனியாக வரும். அப்படியும் விழுந்தது. பரிவாரமும் விடுதலை.

“எப்பொழுதிலிருந்து, அம்மா?” என்று கேட்டோம்.

“புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து, ஸார். காலையில் நன்றாகத்தான் இருந்தது.”

விண்டோஸ் கணினிக்குள் “ரிலயபிலிட்டி மானிட்டர்” என்று ஒரு தினசரிக் குறிப்பேடு இருக்கிறது. ஸ்டார்ட் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டினால் வந்துவிடும். எந்தத் தேதியில் எது விழுந்தது என்பதைச் சிவப்புக் குறியிட்டு அது காட்டும். அதே தேதியில் புதிதாக என்ன நிறுவப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே காட்டும். பொய் சொல்லத் தெரியாத சாட்சி அது. புதன்கிழமை பகலில், யாரும் கேட்காமலே, பிரிண்டரின் “டிரைவர்” ஒன்று தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. டிரைவர் என்பது கணினிக்கும் பிரிண்டருக்கும் இடையே துபாஷியாக நிற்கும் சிறு நிரல். விழுந்ததைப் பற்றிய விவரத்தைத் திறந்து பார்த்தால், பிழை நேர்ந்த பகுதி என்று அங்கே எழுதியிருந்ததும் அந்தத் துபாஷியைச் சேர்ந்த ஒரு கோப்பின் பெயர்தான்.

அச்சடிக்காமல் எழுதிக்கொண்டிருக்கும்போது பிரிண்டருக்கு அங்கே என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கங்களை எப்படி அமைப்பது என்று தீர்மானிப்பதற்கு வேர்டு பிரிண்டரின் துபாஷியைக் கலந்துகொள்கிறது. துபாஷி உளறினால் எஜமானன் விழுகிறான்.

வழக்கமான பிரிண்டர் என்ற பதவியை அதனிடமிருந்து எடுத்து, பி.டி.எஃப். தயாரிக்கும் நிரலுக்குக் கொடுத்தோம். வேர்டு திறந்தது, ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. தகப்பனார் பெருமூச்சு விட்டார். நாம் விடவில்லை. பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்தோம், விழுந்தது. மறுபடி பிடுங்கினோம், நின்றது. குற்றம் ருசுவாவது இப்படித்தான். பிறகு அந்த டிரைவரை நீக்கிவிட்டு, பிரிண்டர் செய்தவர்களே கொடுக்கும் சரியான டிரைவரைப் போட்டோம். செலவு ஒரு காசும் இல்லை.

“அப்படியானால் நான் ஒன்றும் செய்யவில்லையா, ஸார்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

கடைக்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்திருந்தாலும் வேர்டு நிமிர்ந்திருக்கக் கூடும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திராது. காரணமும் கோப்புகளோடு சேர்ந்து அழிந்து போயிருக்கும். “இவள் கை பட்டதனால் கெட்டது” என்ற பேச்சு மாத்திரம் அந்த வீட்டில் அழியாமல் நின்றிருக்கும்.

நிற்க. 1947-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த “மார்க் 2” என்னும் பெரிய கணக்கு யந்திரம் தகராறு செய்தது. அங்கிருந்தவர்கள் தேடிக்கொண்டே போய், 70-ஆம் எண்ணுள்ள ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டார்கள். யந்திரக் கோளாறுக்குப் “பூச்சி” என்று பெயரிடும் வழக்கம் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. எனவே அவர்களுக்கு ஒரே வேடிக்கை. அந்தப் பூச்சியை எடுத்து எறிந்துவிடாமல், நேரத்தையும் இடத்தையும் குறித்து, நாட்குறிப்பிலேயே ஒட்டி வைத்தார்கள். அந்த ஏடு வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையின் சேமிப்பில் இருக்கிறது. பூச்சியைக் காட்டிலும், அதைக் குறித்து வைத்த பழக்கமே நமக்கு முக்கியம்.

2024-ஆம் வருஷம் ஜூலை 19-ந் தேதி நடந்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு புதுப்பிப்பினால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி விழுந்தன. ஆகாய விமானங்கள் புறப்படவில்லை. ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது. பின்னர் காரணத்தைக் கம்பெனியாரே வெளியிட்டார்கள்: 20 விவரங்கள் மட்டுமே கொடுக்கப்பட்ட இடத்தில், நிரல் 21-ஆவதைத் தேடிச் சென்று, தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தில் கை வைத்துவிட்டது. அந்த 85 லட்சம் கணினிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர், “நாம் என்ன செய்துவிட்டோம்!” என்று பதறியிருப்பார்கள்! அதற்குப் பரிகாரமும் யந்திரம் முழுவதையும் அழிப்பதல்ல. பாதுகாப்பு முறையில் திறந்து, கோளாறான அந்த ஒரு கோப்பை நீக்கியவுடன் பெரும்பாலானவை எழுந்து நின்றன.

ஆகவே இத்தகைய தொல்லை வந்தால், கோப்புகளை முதலில் காப்பாற்றுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், குணமானாலும் எந்த மருந்தினால் குணமாயிற்று என்பது தெரியாது. சந்தேகத்துக்குரியவை பல இருந்தால் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். பதினாறு உதவி நிரல்களில் குற்றவாளி ஒன்று என்றால், எட்டை நிறுத்திப் பார்ப்பது, பிறகு நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று நான்கே சோதனைகளில் அகப்பட்டுவிடும். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பையனே செய்வான்.

கடைக்குப் போவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. வட்டு தேய்ந்திருக்கலாம், நினைவகம் பழுதாகியிருக்கலாம், அவற்றைக் கைதேர்ந்தவர்கள்தான் பார்க்க வேண்டும். போகும்போது ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் ஆரம்பித்தது, அன்றைக்குப் புதிதாக என்ன வந்தது, எது விழுகிறது, எது விழவில்லை. அந்தக் காகிதத்தோடு வந்து நிற்கும் ஒருவரிடம், “எல்லாவற்றையும் அழித்துவிடலாம்” என்று சொல்வதற்குக் கடைக்காரருக்கும் நாக்குச் சற்றுத் தயங்கத்தான் செய்யும்.