ரிங் ரெடி, ஃப்ளெக்ஸ் ரெடி... ஆம்புலன்ஸ் எங்கே?



தலைவர் பிறந்தநாள், மாவட்டச் செயலாளர் பிறந்தநாள்னு வருஷம் முழுக்க நம்ம ஆட்கள் போட்டி நடத்துறாங்க. கபடி, கிரிக்கெட், கேரம் வரிசையில குத்துச்சண்டையும் இருக்கு. நல்ல விஷயம்தான். அந்தப் போஸ்டர்களை டிசைன் பண்றது ஐடி விங்ல இருக்குற எங்களை மாதிரி பசங்கதான். முதல் பரிசு எவ்வளவு, யார் தலைமை, யார் முன்னிலை எல்லாம் மேட்டர்ல வரும். டாக்டர் யாருன்னு ஒரு வரி வந்து நான் பார்த்ததில்ல.

இது சின்ன விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வழக்கைச் சொல்றேன்.

1991 செப்டம்பர், லண்டன். மைக்கேல் வாட்சனும் கிறிஸ் யூபாங்கும் உலகப் பட்டத்துக்காக மோதினாங்க. 12-வது ரவுண்டுல நடுவர் சண்டையை நிறுத்தினார். கொஞ்ச நேரத்துல வாட்சன் மயங்கிச் சரிஞ்சார். டாக்டர் வந்து பார்க்கவே ஏழு நிமிஷம் ஆச்சு. ரிங் பக்கத்துல உயிர்காக்கும் கருவிகளோட யாரும் தயாரா இல்ல. ஆஸ்பத்திரி போய்ச் சேர கிட்டத்தட்ட அரை மணி நேரம். போய்ச் சேர்ந்த இடத்துல மூளை அறுவை சிகிச்சை வசதியே கிடையாது! அங்கிருந்து வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க. 40 நாள் கோமா, ஆறு ஆபரேஷன். பிழைச்சார், ஆனா உடம்பு பழையபடி திரும்பல.

வாட்சன் கேஸ் போட்டார். பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம்தான் பொறுப்புன்னு தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2000 டிசம்பர்ல அதையே உறுதி பண்ணுச்சு. எதிராளி அடிச்சதுக்கு வாரியம் என்ன பண்ணும்னு கேட்கலாம். அடிக்காக இல்ல தோழர்களே, அடிக்குப் பிறகு வீணாப் போன நிமிஷங்களுக்காகத்தான் வாரியத்தைப் பொறுப்பாக்கினாங்க.

அந்த நிமிஷங்கள்ல தலைக்குள்ள என்ன நடக்குது? நான் படிச்சது மெக்கானிக்கல், மருத்துவம் இல்ல. ஆனா இதுல பாதி மெக்கானிக்ஸ்தான். ஒரு ஹூக் தாடையில விழுந்தா தலை சடார்னு திரும்பும். மண்டை ஓடு திரும்புற வேகத்துக்கு உள்ளே இருக்குற மூளை திரும்பாது. அந்த இழுவையில மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவுல பாலம் மாதிரி ஓடுற சின்ன ரத்தநாளங்கள் அறுந்துடலாம். ரத்தம் கசிஞ்சு தேங்கி மூளையை அமுக்கும். பயங்கரம் என்னன்னா, இது உடனே தெரியாமலும் போகலாம். பையன் எழுந்து நடப்பான், செல்ஃபி எடுப்பான், "தலை வலிக்குதுண்ணே"ன்னு ஓரமா உட்காருவான். அப்புறம் வாந்தி. ஒரு சோடா வாங்கிக் கொடுத்து "ரெஸ்ட் எடுடா"ன்னு வீட்டுக்கு அனுப்புறோம் பாருங்க, அங்கதான் உயிர் போகுது.

"ஹெட்கார்டு போட்டிருக்கானே"ன்னு பதில் வரும். ஹெட்கார்டு புருவம் கிழியாம காப்பாத்தும், காதைக் காப்பாத்தும். தலை சுழல்றதை அது நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்ல ஆண்கள் ஹெட்கார்டு இல்லாமத்தான் ஆடினாங்க. அதை எடுத்தது சரியான்னு தனியா சண்டை போடலாம், ஆனா அதை மாட்டிட்டதால டாக்டர் வேண்டாம்னு ஆகிடாது.

லண்டன் கதை நமக்கெதுக்குங்கறீங்களா? 2022 ஜூலையில பெங்களூருவுல கிக் பாக்ஸிங் போட்டியில அடிபட்ட ஒரு இளைஞர் இறந்தார். அடுத்த மாசமே நம்ம சென்னையில நடந்த தேசிய கிக் பாக்ஸிங் போட்டியில, அருணாசலப் பிரதேசத்துல இருந்து வந்த ஒரு வீரர் தலையில அடிபட்டு இறந்தார். எங்கிருந்தோ வந்த பிள்ளை.

அதனால போட்டி நடத்துற நிர்வாகிகளே, ஆம்புலன்ஸ் ஸ்பாட்லயே நிக்கணும். அடிபட்ட பிறகு 108-க்கு போன் பண்றதுக்குப் பேர் ஏற்பாடு இல்ல. அந்த வண்டி ஒருத்தரை ஏத்திட்டுக் கிளம்பினா, அடுத்த வண்டி வர்ற வரைக்கும் மேட்ச் நிக்கணும், மேடையில எவ்வளவு பெரிய விருந்தினர் உட்கார்ந்திருந்தாலும் சரி. பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க, சி.டி. ஸ்கேனும் நியூரோ சர்ஜனும் இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போங்க. அது எதுன்னு முந்தின நாளே பேசி வைங்க. சண்டையை நிறுத்துன்னு டாக்டர் சொன்னா நிறுத்தணும், "இன்னும் ஒரு ரவுண்டு சார்" எல்லாம் வேண்டாம்.

நாக் அவுட் ஆன பையனைக் குறைஞ்சது ஒரு மாசம் ரிங்ல ஏத்தக் கூடாதுன்னு சர்வதேச அமெச்சூர் விதியே இருக்கு. முதல் அடி ஆறும் முன்னே ரெண்டாவது அடி விழுந்தா மூளை வீங்கி உயிரே போகலாம். நம்ம ஏரியா போட்டிகள்ல யார் இதைக் குறிச்சு வைக்கிறாங்க? போன ஞாயிறு ஒரு ஊர்ல விழுந்தவன் இந்த ஞாயிறு இன்னொரு ஊர்ல நிக்கிறான். ஆயிரமோ ரெண்டாயிரமோ பரிசு அவன் வீட்டுக்குத் தேவை, அவன் சொல்ல மாட்டான். பெயர் பதியும்போது நாமதான் கேட்கணும்.

செலவாகும்னு சொல்லாதீங்க. நம்ம ஃப்ளெக்ஸ் பில்லும் எங்களுக்குத் தெரியும்!

அடுத்த போட்டிக்குப் போஸ்டர் மேட்டர் அனுப்பும்போது டாக்டர் பேரையும் ஆஸ்பத்திரி பேரையும் சேர்த்து அனுப்புங்க. இடம் பத்தலைன்னா முன்னிலை லிஸ்ட்ல ரெண்டு பேரைக் குறைச்சுக்கலாம்.