சந்தா கட்டுமுன் ஒரு வார்த்தை



“மறுபடியும் சந்தாவா?” என்று நீங்கள் முணுமுணுப்பது எங்கள் காதில் விழாமல் இல்லை. அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு. நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தபோது நடந்ததை யாரும் இன்னும் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை. ஆகவே, வருகின்ற கல்வியாண்டில் நம் வாசகர் வட்டத்துக்கு எந்தெந்தப் பொழுதுபோக்கு இதழ்களை வரவழைப்பது என்று பேசுமுன், அந்தப் பழைய கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அந்த ஆண்டு ஒருவர் கை நிறைய வண்ண இதழ்களோடு வந்தார். கைவேலை, ஓவியம், அறிவியல் விளையாட்டு எல்லாம் ஒரே இதழில் உண்டு என்றார். மூன்றாண்டுச் சந்தா 600 ரூபாய்தான், கூடவே ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் இலவசம் என்றார். நாங்கள் 24 பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட்டோம். ஆடித் தபசுக்கு ராட்டினம் ஏறுவதற்கென்று உண்டியலில் போட்டு வைத்த காசு சிலருடையது. ஒருத்தி, விடுமுறை நாள்களில் அம்மாவோடு உட்கார்ந்து தார் சுற்றிக் கிடைத்த காசைக் கொண்டுவந்து கொடுத்தாள். இதழ் நான்கு மாதம் வந்தது. ஐந்தாம் மாதம் வரவில்லை. நாங்கள் எழுதிய கடிதமும் திரும்பி வந்துவிட்டது. அந்த ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ் இரண்டாம் நாளே முறிந்தது என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இதழின் பெயர் இங்கே வேண்டாம். குற்றம் முழுவதையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிட நாங்கள் விரும்பவில்லை. உள்ளே புரட்டிப் பாராமல் அட்டையைப் பார்த்துப் பணத்தை நீட்டியவர்கள் நாங்கள்தானே?

இதழ்கள் நின்றுபோவது நம் நாட்டில் புதிய செய்தியுமன்று. எங்கள் தாத்தா பாட்டிமார் சிறுவயதில் படித்த ‘கண்ணன்’ 1950-இல் பிறந்தது, ஆர்வி அவர்களை ஆசிரியராகக் கொண்டு வளர்ந்தது, 1972-இல் நின்றது. அதே 1972-இல் பிறந்த ‘கோகுலம்’, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா அவர்களும் ஆசிரியராக இருந்து பேணிய இதழ், கொரோனா வந்த 2020-இல் அச்சில் வருவதை நிறுத்திக்கொண்டது. வாண்டுமாமாவின் ‘பூந்தளிர்’ 1984-இல் மலர்ந்து சில ஆண்டுகளிலேயே உதிர்ந்துவிட்டது. 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ அறுபது ஆண்டுகளுக்கு மேல் வந்ததே! வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படத்தை அறியாத அம்மா நம் ஊரில் உண்டா? அதுவும் நின்றுதான் போயிற்று. இத்தனை பெரிய இதழ்களுக்கே இந்தக் கதி என்றால், மூன்றாண்டுப் பணத்தை முன்கூட்டியே கேட்கும் புது இதழிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா? ஓராண்டுக்கு மேல் எந்த இதழுக்கும் பணம் கட்டுவதில்லை என்பது இப்போது எங்கள் வட்டத்தின் சட்டம். எத்தனை தள்ளுபடி தந்தாலும் சரி, எத்தனை பாக்ஸ் தந்தாலும் சரி.

“நின்றுபோகும் என்று தெரிந்தும் எதற்குச் சந்தா? கடையில் கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளலாமே!” என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் கடையில் கிடைத்தால் அல்லவா வாங்குவதற்கு? நம் ஊர்ப் பேருந்து நிலையக் கடையில் தொங்குபவை சினிமா இதழ்களும் ராசிபலன் இதழ்களுமே. பொழுதுபோக்கு இதழ்களுக்கு விளம்பரம் குறைவு. காகிதம், மை, அச்சுக்கூலி, தபால் எல்லாவற்றையும் வாசகர் கொடுக்கும் விலையே தாங்க வேண்டும். கடைக்கு அனுப்பி விற்காத பிரதிகள் திரும்பிவந்தால் அவை பழைய பேப்பர்க்காரருக்குத்தான். சந்தா என்பதோ முன்பணம். இத்தனை பேர் படிக்கக் காத்திருக்கிறார்கள் என்று கணக்குத் தெரிந்தால் அத்தனை பிரதிகளையே அச்சடிக்கலாம்.

இதைக் கண்ணால் காண வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாகப் பஸ்ஸில் போனால் வருகிற சிவகாசியிலேதான், 1972 ஜனவரியில் ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியோடு வெளிவந்தது. 1984-இல் ‘லயன் காமிக்ஸ்’ வந்தது. இடையில் தடுமாற்றங்களும் நீண்ட இடைவெளிகளும் இருந்தன. ஆனாலும் ஐம்பது ஆண்டு கடந்து அந்தப் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. ஆண்டுக்கு என்னென்ன கதைகள் என்று முன்னதாக அட்டவணை அறிவித்து, சந்தா சேர்த்து, அந்தப் பலத்தில் அச்சிடுகிறார்கள். சிறுவயதில் படித்து இன்று தலை நரைத்தவர்களும் அந்தச் சந்தாதாரர்களில் உண்டு. விலை நம் கைக்கு எட்டாததால் எங்கள் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. மற்றபடி, படக்கதை படித்தால் புத்தி மழுங்கும் என்ற கட்சியில் நாங்கள் இல்லை.

இனி, எல்லோரும் எழுப்புகின்ற ஆட்சேபம்: “கைபேசியிலே எல்லாம் கிடைக்கிறதே!” ஆம், கிடைக்கிறது. சதுரங்கம் பழகுகிறவர்களுக்கு அச்சிதழைவிடக் கைபேசியே மேல் என்று நாங்களே ஒப்புக்கொள்கிறோம். காயை நகர்த்திப் பார்க்கலாம், முன்பின் தெரியாதவரோடு விளையாடலாம், தவறு உடனே தெரியும். பாட்டு, நடனம் பயில்வோருக்கும் அப்படியே. ஆனால் அந்தக் கைபேசி யாருடையது தோழியரே? நம்மில் பலர் வீட்டில் அது அப்பாவினுடையது, அல்லது அண்ணனுடையது. அவர்கள் வேலையிலிருந்து திரும்பி, சாப்பிட்டு, பேசி முடித்த பிறகு அரைமணி நேரம் நமக்கு. அதிலும் என்ன பார்க்கிறாய் என்று எட்டிப் பார்க்க நான்கு தலைகள்! அதிலேயே வீட்டுப் பாடமும் வரும். இருட்டிய பின் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து வர அண்ணனுக்கு அனுமதி உண்டு, நமக்கு இல்லை. மாதம் ஒருமுறை தபால்காரர் நம் பெயர் சொல்லிக் கொடுக்கும் ஓர் இதழ் நம்முடையது. அதை அடுப்படியிலும் படிக்கலாம், மொட்டை மாடியிலும் படிக்கலாம், சார்ஜ் தீராது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? இந்த முறை பணம் சேர்க்குமுன் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய்ப் பழைய இதழ்களைப் புரட்டினோம். இன்று வந்த இதழைவிட, ஆறு மாதத்துக்கு முந்தைய இதழே உண்மையைச் சொல்லும் என்று கண்டோம். புது இதழில் அட்டை பளபளக்கும். பழையதிலோ, படித்தவர் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறாரா, படத்தை வெட்டி எடுத்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். கிழிந்திருக்கும் இதழே நல்ல இதழ்! (நூலக இதழைக் கிழிக்கச் சொல்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம்.) நூலகத்துக்கு வழக்கமாக வரும் இதழுக்கு நாமும் பணம் கட்டுவது வீண் என்பதும் அங்கேதான் உறைத்தது.

எங்கள் முதல் தேர்வு ‘துளிர்’. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 1987 முதல் நடத்திவரும் சிறுவர் அறிவியல் மாத இதழ் இது. காகிதம் சாதாரணம்தான், பக்கமும் குறைவுதான். ஆனால் இதழை மூடிய பிறகும் கைக்கு வேலை இருக்கிறது. வீட்டில் கிடைக்கும் பொருளைக் கொண்டே செய்து பார்க்கும் சோதனைகள் உண்டு, புதிர்கள் உண்டு, படிப்பவர்கள் வரைந்து அனுப்பும் படங்கள் உண்டு. ‘துளிர் இல்லம்’ என்ற பெயரில் பிள்ளைகள் கூடும் சிறு மன்றங்களும் ஊர்தோறும் நடந்திருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று பள்ளிக் கல்வித்துறை 2022-இல் தொடங்கிய ‘தேன்சிட்டு’ இதழையும் பக்கத்து வீட்டுத் தங்கையிடம் இரவல் வாங்கிப் பார்த்தோம். நன்றாகவே இருக்கிறது. இரவல் கிடைக்கும்போது அதற்கு எதற்குச் சந்தா?

ஆங்கிலத்தில் ஒன்று வேண்டும் என்று ஆசிரியைகள் விரும்பினார்கள். அதற்கு ‘சயன்ஸ் ரிப்போர்ட்டர்’ என்று முடிவு செய்தோம். மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1964 முதல் வெளியிட்டு வரும் மாத இதழ் அது. உண்மையைச் சொல்லிவிடுகிறோம், பாதி புரியவில்லை. அகராதியோடு இருவராக உட்கார்ந்தால் ஒரு கட்டுரைக்கு ஒரு மாலை ஆகிறது. பிளஸ் டூ போகிற எங்களுக்கு அது தேவை. ஆறாம் வகுப்புத் தங்கையர் படங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது கொஞ்சம் சண்டை மூட்டிய விஷயம். பெண்களுக்கான இதழ் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று எங்களில் சிலர் பிடிவாதம் பிடித்தனர். கோலமும் தையலும் பூவேலையும் பெரிய கலைகளே. எங்கள் அம்மாமார் வெட்டி எடுத்துத் தைத்து வைத்திருக்கிற கோலப் பக்கங்களை நாங்கள் இன்னும் பார்த்துப் போடுகிறோம். எனினும் ஒன்று கேட்கிறோம். பெண்ணுக்கென்று சொல்லி விற்கப்படும் பொழுதுபோக்கு ஏன் எப்போதும் அடுப்படியிலேயே போய் முடிகிறது? ‘விதவிதமான ஊறுகாய் முப்பது’ என்பது பொழுதுபோக்கா, வேலையா? ஊறுகாய் போடத் தெரியாமல் நம் ஊரில் எந்தப் பெண்ணும் வளர்ந்துவிடப் போவதில்லை. ஆகவே அந்த வகை இதழ்களை இந்த ஆண்டு விட்டுவிட்டோம். கோபித்துக்கொண்ட தோழிகள் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை.

அதற்கு மாற்றாக எங்களுக்குப் பிடித்தது பறவை. 1959-60-இல் ஜாபர் பதேஅலி என்பவர் பம்பாயிலிருந்து ‘நியூஸ்லெட்டர் ஃபார் பேர்ட்வாட்சர்ஸ்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். முதலில் அது வெறும் சைக்ளோஸ்டைல் தாள்கள். அட்டை இல்லை, வண்ணம் இல்லை. ஆனால் எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் தம் தோட்டத்தில் கண்ட பறவையைப் பற்றி நாலு வரி எழுதினால் அதை மதித்து வெளியிட்டார்கள். பறவையியல் அறிஞர் சலீம் அலியும் எழுதினார், பெயர் தெரியாதவர்களும் எழுதினார்கள். இதைப் படித்தறிந்தபோதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. வாசகர் கடிதம் என்று ‘இதழ் அருமை’ என்ற பாராட்டுகளை மட்டுமே போடும் இதழ் ஒரு வகை. வாசகி கண்டதை, செய்ததை, தவறியதைப் போடும் இதழ் மற்றொரு வகை. எட்டாம் வகுப்பில் எங்களை ஏமாற்றிய இதழின் அந்த நான்கு பிரதிகளையும் எடுத்துப் பார்த்தோம். பாராட்டுகளைத் தவிர வேறொன்றுமில்லை!

நம் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் வருகின்றன. தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களில் 2011 முதல் மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் தன்னார்வலர்களைச் சேர்த்து நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். அதைப் பார்த்து நாங்களும் ஒரு நோட்டில் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். பறவைக்கென்று இதழ் வாங்க இந்த ஆண்டு பணம் போதாது. அதனால் நாங்களே மாதம் ஒரு கையெழுத்து இதழ் எழுதுகிறோம். நான்கு பக்கம், சந்தா கிடையாது.

தபால்தலை சேர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. தலைமை அஞ்சலகத்தில் 200 ரூபாய் கட்டி அஞ்சல்தலை வைப்புக் கணக்குத் தொடங்கினால், புதிய தலைகள் வெளிவரும்போது வீட்டுக்கே வந்து சேரும். இதுவும் ஒரு சந்தாதான். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்போருக்கு, தபால்தலை சேர்ப்பில் ஈடுபாடு இருந்தால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தரும் திட்டம் ஒன்றை அஞ்சல்துறை 2017-இல் தொடங்கியது. தேர்வு உண்டு. தங்கையர் விசாரித்துப் பாருங்கள். எங்களுக்கு வயது கடந்துவிட்டது.

பணம் கட்டியதும் ரசீதை நோட்டில் ஒட்டுவோம். உறைமேல் இருக்கும் சந்தா எண்ணையும், சந்தா முடியும் மாதத்தையும் எழுதி வைப்போம். ஓர் இதழ் வரவில்லையென்றால் அந்த மாதமே கேட்டு எழுதுவோம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்த பிறகும் நம் முகவரியில் திருநெல்வேலி என்றே எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 627756 என்ற எண் சரியாக இருந்தால் இதழ் வந்துவிடும், கவலை வேண்டாம்.

தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களுக்கு எங்கள் தாழ்மையான வேண்டுகோள் ஒன்று. வருகின்ற இதழ்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல், ஒருத்திக்கு இரண்டு நாள் என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதிக்க வேண்டும். கிழிந்தால் ஒட்டித் தர நாங்கள் பொறுப்பு.

இந்த முறை ஆளுக்கு 20 ரூபாய். ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில் நோட்டோடு வகுப்பு வகுப்பாக வருவோம். கொடுக்க விருப்பமில்லாதவர்கள் கொடுக்க வேண்டாம், அவர்களும் படிக்கலாம். முதல் இதழ் முதலில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிட்டோம். தார் சுற்றிய காசைக் கொடுத்தவள் இன்னும் எங்கள் வகுப்பில்தான் படிக்கிறாள். அவளிடம் இந்த முறை நாங்கள் பணம் கேட்கப் போவதில்லை. “எனக்கு மட்டும் ஏன் சலுகை?” என்று அவள் 20 ரூபாயை நேற்றே மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.