பூவை இயந்திரமே வெட்டட்டும்

ரப்பர் ஸ்டாம்ப்பும் டை கட்டிங் கருவியும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்பவர்களைப் பார்த்துச் சிலர் உதடு பிதுக்குகிறார்கள். கடையில் வாங்கிய அச்சு, எஃகுத் தகடு வெட்டிக் கொடுத்த பூ, இதில் கைவேலை எங்கே என்கிறார்கள். பூவின் ஓரத்தை யார் வெட்டினால் என்ன? அட்டைக்குள் இருக்கும் வாசகம் யாருடையது என்று கேட்டிருந்தால் அது கேள்வி.

உதிரிகளை வாங்கி அட்டை செய்வது நேற்றுத் தொடங்கிய பழக்கமல்ல. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவுலண்ட் என்ற பெண் 1840களின் இறுதியில் காதலர் தின அட்டைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். லேஸ் போலத் துளையிட்ட தாள் இங்கிலாந்திலிருந்து வந்தது. பூப்படங்களும் அச்சில் வந்தவைதான். தோழிகளை வேலைக்கு அமர்த்தி, ஒருத்தி வெட்ட, ஒருத்தி அடுக்க, இன்னொருத்தி ஒட்ட என்று பிரித்துக்கொடுத்தார். 200 டாலருக்கு ஆர்டர் கிடைத்தாலே பெரிது என்று மாதிரிகளைச் சகோதரரிடம் கொடுத்தனுப்பினார். 5,000 டாலருக்கு மேல் வந்து குவிந்தது. லேஸுக்கு அடியில் வண்ணத்தாள் வைத்ததும், அடுக்குகளைச் சற்றே தூக்கி நிறுத்தியதும் அவருடைய கைவண்ணம். இன்று ஃபோம் டேப் ஒட்டி இதழைத் தூக்கி வைப்பவர்கள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவரது நிறுவனம் 1879இல் ஒரு செய்யுள் புத்தகமும் வெளியிட்டது. அட்டையில் உள்ள பாட்டுப் பிடிக்காதவர்கள் அதிலிருக்கும் 131 பாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேலே ஒட்டிக்கொள்ளலாம். லேஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்தவர் எழுதிய வரிதான் உறுத்தியிருக்கிறது. அதற்குக் கிடைத்த மருந்தும் அடுத்தவர் எழுதிய வரியே என்பது வேடிக்கை.

டை வேலையை அருகிலிருந்து பார்த்தால் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு சிறியது என்று புரியும். டை எனப்படும் அந்த எஃகுத் தகட்டின் மேல் தாளை வைத்து, இரண்டு பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவே செருகி, உருளைகளுக்கிடையே கைப்பிடியைச் சுற்றி அனுப்ப வேண்டும். பூ விழும்; அவ்வளவுதான். எந்த நிறத்தில், எந்த மூலையில், யாருக்காக என்பதெல்லாம் அதன்பிறகு மனிதர் பாடு. ஸ்டாம்ப்பை அசைக்காமல் அழுத்தி எடுப்பதற்கே பழக்கம் வேண்டும். இது கருவிகளை வாங்கிக் குவிக்கும் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டை நான் முழுக்க மறுக்க மாட்டேன். பிரிக்காத டை உறைகள் பல வீடுகளில் கிடக்கின்றன. தெருவில் நான்கு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் ஒரு டை தாங்கும் என்பதால், அந்தக் குறை தீர்க்கக்கூடியதே.

தீராத குறை, உள்பக்கத்துக்கென்றே விற்கும் வாசக ஸ்டாம்ப்புகள். எனக்கு எழுத வராது, கையெழுத்தும் கோணல் என்பார்கள். கவிதை யார் கேட்டார்கள்? ‘நீங்கள் கொடுத்தனுப்பிய ஆவக்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அத்தை’ என்ற ஒரு வரி போதும். சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்தில் பெயரை மட்டும் எழுதி அனுப்பிய காலத்திலும், ஓரத்தில் இப்படி ஒரு வரி சேர்ந்த அட்டைக்குத்தான் மதிப்பு. முகப்பில் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று ஸ்டாம்ப் குத்துங்கள், தவறில்லை. உள்ளே ஒட்டும் வெள்ளைத்தாளில் மட்டும் எதையும் குத்தாமல், ஒட்டுவதற்கு முன்பே பேனாவால் எழுதிவிடுங்கள். பிழை வந்தால் அந்தத் தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.