காத்திருப்பும் ஒரு செலவே

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் பாறசாலை. அதற்கு வடமேற்கே நெய்யாற்றின்கரை உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நீடித்தது. இங்குள்ள எல்லைச் சிற்றூர்களில் இன்றும் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. இவ்வூர்களில் ஒருவர் நோயுற்றால் வீட்டில் எழும் முதல் வினா, "அரசு மருத்துவமனைக்கா, தனியார் மருத்துவமனைக்கா?" என்பதே.

அரசு மருத்துவமனையில் செலவு குறைவு. தனியார் மருத்துவமனையில் காத்திருப்பு குறைவு. இதுவே பலரது கருத்து. செலவைப் பற்றிய கருத்துக்குச் சான்று உண்டு. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, மகப்பேறு நீங்கலாக, ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கு அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாய் செலவாயிற்று. தனியார் மருத்துவமனையில் அது 31,845 ரூபாய். இது இந்தியா முழுமைக்குமான கணக்கு. வேறுபாடு ஏழு மடங்கு!

ஆயினும், இக்கணக்கில் சேராத செலவு ஒன்று உண்டு. கட்டட வேலை செய்யும் ஒருவர் காய்ச்சலுக்காகப் பெரிய அரசு மருத்துவமனைக்குச் செல்வதாகக் கொள்வோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மருந்து பெற மற்றொரு வரிசை. பொழுது சாயும்போது அவர் அன்றைய கூலியை இழந்திருப்பார். துணைக்கு வந்தவரின் கூலியும் போயிருக்கும். மாதந்தோறும் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்குபவருக்கு இவ்விழப்பு மாதந்தோறும் நேரும். எனவே, ஏழைகளும் கடன் வாங்கித் தனியாரிடம் செல்கின்றனர்.

அதற்காக, அனைவரும் தனியாரிடமே செல்லலாம் என்பது சரியான தீர்வாகாது. கூலியைக் காக்கச் சென்றவர் கடனில் வீழ்தல் கூடும். வரிசையைக் குறைப்பதே நல்ல வழி. சிறு நோய்க்கும் பெரிய மருத்துவமனையை நாடுவது வரிசை நீள்வதற்கு ஒரு காரணம். கேரள அரசு 2017இல் ஆர்த்ரம் திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்றி வருகிறது. அவற்றில் மாலையிலும் சிகிச்சை பெறலாம். சளி, காய்ச்சலுக்கு அங்குச் செல்வோர் பெருகினால், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் கடும் நோயாளிகள் காத்திருக்கும் நேரம் குறையும். நெஞ்சுவலி, விபத்து போன்ற வேளைகளில் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிராமல், அவசர சிகிச்சை உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே விரைய வேண்டும்.

அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இணையவழி முன்பதிவு வசதியும் உண்டு. ஆனால், மலையாள எழுத்தும் கைபேசியும் பழகாத முதியோர்க்கு அது எட்டாக்கனி. அவ்விரண்டும் அறிந்த பிள்ளைகள் தம் தாத்தா பாட்டிக்கு முன்பதிவு செய்து தரலாம். எல்லை ஊர்களில் தமிழிலும் அறிவிப்புப் பலகைகள் வைப்பது அரசின் கடமை.

பணமில்லை என்பதால் எவருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகலாகாது என்று 1946இல் போர் குழு பரிந்துரைத்தது. நாள் முழுதும் காத்திருக்க இயலாதவருக்கும் அவ்வுரிமை உண்டு.